வார்த்தை இல்லாத இருபது நிமிடம்

விருத்தாசலம் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ரயில் ஜங்ஷன் ஞாபகம் வரும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களுக்குப் பீங்கான் ஞாபகம் வரும். பழைய வீடுகளின் மெயின் போர்டில் வெள்ளையாக, கனமாக ஒரு பியூஸ் கேரியர் இருக்குமே, அது எங்கள் ஊர் சூளையில் வெந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. பொம்மை, அகல் விளக்கு, டீக்கடைக் கோப்பை எல்லாம் இங்கே செய்கிறார்கள். ஆனால் இந்த ஊர்ப் பீங்கானுக்குத் தொழில் கொடுத்தது மின்சாரம்தான். மின்சாரம் தன் வழியாகப் போகாமல் தடுத்து நிற்பதுதான் பீங்கானின் வேலை.

மண்ணைச் சுட்டுச் செய்கிற இன்னொரு பொருளுக்கு இதற்கு நேரெதிரான வேலை. தட்டினால் அதிர வேண்டும், அதிர்வு உள்ளே சுழன்று வாய் வழியாக வெளியே வர வேண்டும். அது மானாமதுரையில் செய்யப்படும் கடம். 1975 ஜூலை 5ஆம் தேதி அமெரிக்காவில், லாங் ஐலண்டின் சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் அந்தக் கடத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தமிழர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், அன்றைக்கு ராக் உலகம் வியந்து பார்த்துக்கொண்டிருந்த கிடாரிஸ்டுகளில் ஒருவர். அவர் எலக்ட்ரிக் கிடாரை விட்டுவிட்டுச் சாதாரண மரக் கிடாரோடு தரையில் சம்மணம் போட்டிருந்தார். அன்று பதிவான ஒரு உருப்படி சுமார் 18 நிமிடம், இன்னொன்று சுமார் 29 நிமிடம். இரண்டிலும் பாட்டு வரி கிடையாது.

புரோகிரசிவ் ராக் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "நீளமா, பவரா, பாட்டு வரி அதிகம் இல்லாம ஏதாவது சொல்லேன்." என் டீமில் புதிதாகச் சேருகிற பசங்களும் இதைத்தான் கேட்கிறார்கள். இந்தக் கட்டுரை அதற்குப் பதில்தான். ஆனால் பட்டியல் போடுவதற்கு முன்னால் கொஞ்சம் வரலாறு பேச வேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியலின் பாதி நம் தெருவிலிருந்து கிளம்பியது.

ஒரு பக்கத்தின் நீளம்

இசையின் நீளத்தை இசைக்கலைஞர் மட்டும் தீர்மானிப்பதில்லை. அதைச் சேமிக்கிற ஊடகமும் தீர்மானிக்கிறது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம்தான். இன்றும் சினிமாப் பாட்டு நான்கைந்து நிமிடத்தில் முடிவதற்குப் பின்னால் அந்தத் தட்டின் நிழல் இருக்கிறது. தொழில்நுட்பம் போய்விட்டது, பழக்கம் நின்றுவிட்டது. மென்பொருளில் இருப்பவர்களுக்கு இது புதிதல்ல. என்றைக்கோ யாரோ வைத்த ஒரு லிமிட், காரணம் மறந்துபோன பின்னும் கோடில் அப்படியே இருக்கும்.

1948இல் கொலம்பியா நிறுவனம் எல்.பி. இசைத்தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. ராக் இசை அந்த இடத்தை முழுசாகப் பயன்படுத்த இருபது வருடம் ஆனது. 1969இல் கிங் கிரிம்சனின் முதல் ஆல்பம் வந்தது. 1971இல் பிங்க் ஃபிளாய்ட் 'மெடில்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் 'எக்கோஸ்' என்ற ஒரே உருப்படிக்குக் கொடுத்தது, 23 நிமிடத்துக்கு மேல். 1972இல் 'யெஸ்' குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்', ஒரு பக்கம். அதே வருடம் ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி', கிட்டத்தட்ட ஒரு பக்கம். 1973இல் மைக் ஓல்ட்ஃபீல்ட் என்ற பத்தொன்பது வயதுப் பையன் ஏறக்குறைய எல்லா வாத்தியத்தையும் தானே வாசித்து 'டியூபுலர் பெல்ஸ்' போட்டான். முழு ஆல்பமே இரண்டு உருப்படிகள்தான். வர்ஜின் நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம் அது.

இவர்கள் எல்லோரும் செய்தது ஒன்றுதான். பல்லவி, சரணம், மறுபடி பல்லவி என்ற வட்டத்தை விட்டு வெளியே வந்தார்கள். ஒரு சின்ன இசைத்துணுக்கை எடுத்து, அதை வளர்த்து, தாளத்தை மாற்றி, நடுவில் உடைத்து, கடைசியில் வேறு உருவத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாலு நாலாக எண்ணிப் பழகிய ராக் தாளத்தை ஐந்து, ஏழு, பதிமூன்று என்று மாற்றினார்கள். மேற்கத்திய ரசிகர்களுக்கு இது பெரிய புதுமை. ஏழு எண்ணிக்கையில் ஒரு பாட்டு வந்தால் இன்றும் அதை ஒரு சாதனை மாதிரிப் பேசுகிறார்கள். மிஸ்ர சாபு கேட்டு வளர்ந்த பாட்டி யாராவது பக்கத்தில் இருந்தால் சிரித்திருப்பார்.

மகாவிஷ்ணுவிலிருந்து சக்தி வரை

அந்தக் கிடாரிஸ்ட் ஜான் மெக்லாஃப்லின், இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1942இல் பிறந்தவர். 1971இல் 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற குழுவை ஆரம்பித்தார். அந்த வருடமே 'தி இன்னர் மவுண்டிங் ஃபிளேம்' வந்தது, 1973இல் 'பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்'. ஜாஸ் என்றும் ராக் என்றும் பிரிக்க முடியாத, காதைக் கிழிக்கிற சத்தமும் வேகமும் கொண்ட, பெரும்பாலும் வரி இல்லாத இசை. டிரம்ஸில் பில்லி காபம்.

அந்தச் சத்தத்தின் உச்சத்தில் இருந்தபோதே அவர் வேறொரு பக்கம் நகர ஆரம்பித்திருந்தார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வெஸ்லியன் பல்கலைக்கழகம் கர்நாடக இசையை முறையாகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது. டாக்டர் எஸ். ராமநாதன் அங்கே ஆசிரியராக இருந்தார். மெக்லாஃப்லின் அவரிடம் வீணை கற்றார். ராம்நாட் ராகவன் அங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுத்தார். அதே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த இளைஞர் எல். சங்கர், வயலின்.

சங்கரின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவர் அப்பா வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை ஆசிரியராக இருந்தார். எல். வைத்தியநாதன், எல். சுப்பிரமணியம், எல். சங்கர் என்று மூன்று வயலின்காரர்கள் அந்த வீட்டில் உருவானார்கள். 1958 இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வந்தது. 'சக்தி'யின் ஆல்பங்களில் சிரித்துக்கொண்டே ஓடுகிற அந்த வயலினுக்குப் பின்னால் ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு வந்த குழந்தை இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் இசை மாறிவிடாது. ஆனால் 'உலக இசை' என்று பொதுவாக ஒட்டப்படுகிற லேபிள் எவ்வளவு தட்டையானது என்று புரியும்.

கடத்தோடு உட்கார்ந்திருந்தவர் டி.எச். விநாயக்ராம், விக்கு. எம்.எஸ். சுப்புலட்சுமி போன்றவர்களுக்குப் பக்கவாத்தியம் வாசித்தவர். கச்சேரி மேடையில் கடம் உபபக்கவாத்தியம், அதாவது துணைக்குத் துணை. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் விட்டுக்கொடுக்கிற சில நிமிடங்கள்தான் அதற்கு. விக்கு கையில் அந்தப் பானை, தபலாவில் ஜாகிர் உசேனுக்குச் சமமாக உட்கார்ந்து பதில் சொன்னது.

சவுத்தாம்ப்டன் மேடையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மெக்லாஃப்லின், சங்கர், ஜாகிர், ராகவன், விக்கு. அங்கே பதிவானது 1976இல் 'சக்தி' என்ற பெயரிலேயே ஆல்பமாக வந்தது. முதல் உருப்படி 'ஜாய்'. தொடங்கிய வேகத்தில் ஒரு ராக் ரசிகன் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். டிரம்ஸ் இல்லை, பேஸ் கிடார் இல்லை, ஆம்ப்ளிஃபையர் அலறல் இல்லை. ஆனால் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் வேகம் அப்படியே இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தும் பவரைக் குறைக்காமல் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

பிறகு மெக்லாஃப்லினுக்காக ஆபிரகாம் வெக்டர் ஒரு கிடார் செய்தார். வழக்கமான ஆறு கம்பிகளுக்குக் குறுக்கே சாய்வாக ஏழு அனுதந்திகள், கமகம் இழுக்க வசதியாகக் குடைந்து எடுக்கப்பட்ட விரல்பலகை. ஒரு வாத்தியம் இன்னொரு இலக்கணத்துக்காகத் தன் உடம்பையே மாற்றிக்கொண்டது. 1976இல் 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி', 1977இல் 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்'. மகாவிஷ்ணு அளவுக்கு இவை விற்கவில்லை. குழு கலைந்தது. 1997க்குப் பிறகு 'ரிமெம்பர் சக்தி'யாகத் திரும்பியபோது மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸும், விக்குவின் மகன் செல்வகணேஷும், சங்கர் மகாதேவனும் சேர்ந்தார்கள். 2014இல் ஸ்ரீநிவாஸ் போனார். 2024 பிப்ரவரியில் 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்துக்கு கிராமி கிடைத்தது. அந்த டிசம்பரில் ஜாகிர் உசேனும் போய்விட்டார்.

தெருவில் இருந்த நீளம்

இப்போது நம் பக்கம் வருவோம். "வார்த்தை இல்லாம எப்படி இவ்வளவு நேரம் கேக்குறது?" என்று கேட்பவர்களுக்கு, இந்த ஊரில் அப்படித்தான் கேட்டார்கள் என்பதுதான் பதில்.

விருத்தாசலம் பழமலைநாதர் கோயிலில் எல்லாமே ஐந்து என்பார்கள். ஐந்து கோபுரம், ஐந்து பிராகாரம், ஐந்து தேர். மாசி மகத்துக்கு சாமி புறப்படும்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பார்கள். மல்லாரிக்கு வரி கிடையாது. கம்பீர நாட்டை ராகம், தவில், ஒரு தாளக் கட்டுக்கோப்பு. அதை ஒன்றாம் காலம், இரண்டாம் காலம் என்று ஏற்றி, திஸ்ரம் பண்ணி, மறுபடி இறக்குவார்கள். தேருக்கு ஒரு மல்லாரி, தளிகைக்கு ஒரு மல்லாரி என்று வகை உண்டு. மூடிய அரங்கமும் மைக்கும் இல்லாமல், தெருவில் நின்று, ஒரு கூட்டத்தையே நிறுத்திவைக்கிற சத்தம். 'பவர்' என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மல்லாரியைவிட அதிகம் மறக்கப்பட்டது ரக்தி. நாகசுரத்துக்கே உரியது. ஏழு எண்ணிக்கை கொண்ட ஒரு சின்ன அமைப்பை எடுத்துக்கொண்டு, சாகித்தியம் எதுவும் இல்லாமல், ராகத்தையும் லயத்தையும் மட்டும் வைத்து விரித்துக்கொண்டே போவது. செம்பனார்கோவில் ராமசாமிப் பிள்ளையின் பரம்பரை இதற்குப் பெயர் பெற்றது. நீளம், ஒற்றைப்படைத் தாளம், முழுக்க வாத்தியம், ஒரே துணுக்கின் வளர்ச்சி. புரோகிரசிவ் ராக்கின் வரையறையைப் படித்துவிட்டு ரக்தியைக் கேட்டால் ஒரு நிமிடம் தலை சுற்றும்.

திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) தோடியை மணிக்கணக்கில் வாசித்தார் என்பதை தஞ்சாவூர்ப் பக்கம் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய தோடி இசைத்தட்டாகவும் வந்தது. இரவு முழுக்க ஓடிய ஒரு ஆறு, மூன்று நான்கு நிமிடப் பக்கங்களில் அடைக்கப்பட்டது. அப்படியும் அது விற்றது, வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது. அவர் வாத்தியத்தையே மாற்றியவர். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த, நீளம் கூடி சுருதி குறைந்த நாகசுரம்தான் பிறகு எல்லோர் கைக்கும் போனது. மெக்லாஃப்லினின் கிடாருக்குப் பல வருடங்கள் முன்பே, ஒரு கலைஞரும் ஒரு கைவினைஞரும் சேர்ந்து உட்கார்ந்து வாத்தியத்தைத் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் ஏன் இது நம் காதிலிருந்து விலகியது? இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் சபா கச்சேரி ஒரு வடிவத்துக்குள் வந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநிறுத்திய அந்த வடிவத்தில் வாய்ப்பாட்டும் கீர்த்தனையும் மையம். அது ஒரு அருமையான வடிவம், சந்தேகமில்லை. ஆனால் அந்த மேடையின் பிரதான இடம் நாகசுரத்துக்குக் கிடைக்கவில்லை. இசை வேளாளர் சமூகத்தின் கலைஞர்கள் கோயிலை நம்பி இருந்தார்கள். கோயில்களின் மானிய நிலமும் வருமானமும் சுருங்கியபோது அவர்களுடைய இரவும் சுருங்கியது. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதைக்கே ராஜரத்தினம் பிள்ளை போராட வேண்டியிருந்தது என்றால் மற்றவர்கள் நிலையை யோசித்துக்கொள்ளலாம். மிச்சம் நின்றது கல்யாண வீடு. அங்கே நாகசுரக்காரர் எவ்வளவு அழகாக வாசித்தாலும், யாரோ விரலை ஆட்டி "கெட்டி மேளம்!" என்றதும் ராகத்தைப் பாதியில் வெட்ட வேண்டும். சாப்பாட்டுப் பந்தி சத்தத்துக்குப் பின்னணியாக ஒரு காம்போதி ஓடிக்கொண்டிருக்கும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீளமான வாத்திய இசைக்கு இன்று எங்கள் ஆபீஸ்களில் கிடைத்திருக்கிற இடமும் இதேதான். "கோடு எழுதும்போது போட்டுப்பேன், வரி இல்லாததால டிஸ்டர்ப் ஆகாது" என்கிறார்கள். 'எக்கோஸ்' ஃபோகஸ் மியூசிக் ஆகிவிட்டது. காம்போதி பந்திக்கு, 'எக்கோஸ்' ஸ்பிரிண்ட் டெட்லைனுக்கு. வார்த்தை இல்லை என்றால் அது யாரையும் கூப்பிடவில்லை என்று நாம் முடிவு செய்துவிடுகிறோம். கல்யாண மண்டபத்தில் அந்த முடிவுக்குப் பலியானவர்கள் ரத்தமும் சதையுமான மனிதர்கள். ஒரு பெரிய மரபு, கூலிக்கு வாசிக்கும் சடங்குச் சத்தமாகக் குறைந்துபோனது.

சினிமாவும் வரியைத்தான் முன்னால் நிறுத்தியது. அதற்குள் இருந்துகொண்டே வெளியே ஒரு கதவு திறந்தவர் இளையராஜா. 1986இல் 'ஹவ் டு நேம் இட்'. தியாகராஜருக்கும் பாஹுக்கும் காணிக்கை. வி.எஸ். நரசிம்மனின் வயலின் முன்னே செல்ல, ஃபியூக் கட்டுமானமும் நம் ராகமும் மோதிக்கொள்கிற இசை. 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 'நத்திங் பட் விண்ட்'. பாட்டு வரி இல்லாத தமிழ்நாட்டு ஆல்பம் டேப் ரெக்கார்டர் உள்ள வீடுகளுக்கெல்லாம் போய்ச் சேர முடியும் என்று அவை காட்டின. 2025 மார்ச்சில் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ரா அவருடைய சிம்பொனியை வாசித்ததும் அந்தக் கதவின் தொடர்ச்சிதான்.

பட்டியல்

இப்போது நீங்கள் கேட்டது. இந்த வரிசையிலேயே கேளுங்கள், ஒரு நாளைக்கு ஒன்று போதும்.

முதலில் சக்தியின் 'ஜாய்'. தாளத்தைக் கையில் போட முயற்சி செய்யுங்கள். தொலைந்துபோவீர்கள், பரவாயில்லை. திரும்ப எங்கே ஒன்றுசேருகிறார்கள் என்று கவனித்தால் போதும். தொடர்ந்து 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யில் 'லா டான்ஸ் டு போனர்' கேளுங்கள். கொன்னக்கோலில் ஆரம்பிக்கும்.

இரண்டாவது, கிங் கிரிம்சனின் 'ஸ்டார்லெஸ்' (1974). பன்னிரண்டு நிமிடம். முதல் மூன்றில் ஒரு பங்கில் பாட்டு இருக்கிறது. அதன் பிறகு ராபர்ட் ஃபிரிப் ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கீழே தாளம் பதிமூன்றில் ஓடும். அந்த அழுத்தம் உடைகிற இடத்துக்காகக் காத்திருங்கள். ஸ்கிப் பண்ணி அந்த இடத்துக்குப் போனால் அங்கே ஒன்றும் இருக்காது.

மூன்றாவது, அதே குழுவின் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்' முதல் பாகம் (1973). பதிமூன்றரை நிமிடம். மணிச் சத்தமாக ஆரம்பித்து இடிபோல் இறங்கும், நடுவில் வயலின் தனியாக நிற்கும்.

நான்காவது, ரஷ் குழுவின் 'லா வில்லா ஸ்ட்ராஞ்சியாட்டோ' (1978). ஒன்பதரை நிமிடம், வரியே கிடையாது, மூன்றே பேர். நகைச்சுவை உணர்வுள்ள உருப்படி.

ஐந்தாவது, கேமல் குழுவின் 'தி ஸ்னோ கூஸ்' (1975). பால் காலிகோவின் குறுநாவலை ஒட்டிய முழு ஆல்பம். கதையை ஒரு வார்த்தை கூடச் சொல்லாமல் சொல்கிறது. மென்மையானது, இரவுக்கு ஏற்றது.

ஆறாவது, எல். சங்கரின் 'ஹூஸ் டு நோ' (1981). பத்துக் கம்பி இரட்டை வயலின், உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கம், ஜாகிரின் தபலா. முதல் பக்கம் ஒரு ராகம் தானம் பல்லவி. இதே சங்கர் ஃபிராங்க் ஜாப்பாவோடு வேலை செய்தவர், ஜெனிசிஸிலிருந்து வெளியே வந்த பீட்டர் கேப்ரியலின் 'பேஷன்' (1989) ஆல்பத்தில் வாசித்தவர். புரோகிரசிவ் ராக்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் எத்தனை அடி தூரம் என்று கேட்டால் ஒரு வயலின் நீளம்தான்.

ஏழாவது, ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. பழைய பதிவு, இரைச்சல் இருக்கும். மற்ற ஆறையும் கேட்டு முடித்த காதோடு இதற்கு வாருங்கள். டிஸ்டார்ஷன் பெடல் எதுவும் இல்லாமல் ஒரு மரக்குழாயிலிருந்து இவ்வளவு அடர்த்தி எப்படி வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் ஊர்ச் சூளையில் ஒரு விதி உண்டு. சூட்டை மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், ஆயிரத்து இருநூறு டிகிரிக்கும் மேல் போன பிறகு மெதுவாகத்தான் ஆறவும் விட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் உள்ளே இருப்பது விரிசல் விடும். இருபது நிமிட இசையைக் கேட்பதற்கும் எனக்குத் தெரிந்த ஒரே வழிமுறை அதுதான். போனைக் கவிழ்த்து வையுங்கள், கடைசி வரை இருங்கள்.

அடுத்த மாசி மகத்துக்கு விருத்தாசலம் வர முடிந்தால் வாருங்கள். சாமி கிளம்பும் நேரத்தில் கூட்டம் சாமியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நீங்கள் நாலு அடி தள்ளி, தவில்காரருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். மல்லாரி முடிந்ததும் கை தட்டுங்கள். யாரும் தட்ட மாட்டார்கள், அதனால் என்ன? வாசித்தவர் திரும்பிப் பார்ப்பார்.